பேலீஃப் பண்ணை வீடு: ஒரு முகப்புக்குப் பின்னால் இரண்டு காலம்

பேலீஃப் வீட்டை எதிரே நின்று பார்ப்பவருக்கு அது ஒரே மூச்சில் கட்டி முடித்த வீடாகத்தான் தோன்றும். இரு முனைகளிலும் மாடி அறைகள் கீழ்த்தளச் சுவரைத் தாண்டி முன்னே துருத்தி நிற்கின்றன. நடுவில் கூடத்தின் சுவர் உள்வாங்கியிருக்கிறது. மூன்று பகுதிகளையும் இடைவெளி இல்லாத ஒரே ஓட்டுக்கூரை மூடியிருக்கிறது. இங்கிலாந்தின் தென்கிழக்கில், குறிப்பாகக் கென்ட் பகுதியில், இந்த வடிவத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் எஞ்சியுள்ளன. வீல்ட் என்ற வனநிலத்தின் பெயரால் இவற்றை 'வீல்டன் வீடு' என்கிறார்கள். அந்த வகைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பலரும் முதலில் காட்டும் வீடு பேலீஃப்.

ஆனால் மர வளையங்களை எண்ணிப் பார்த்தபோது கதை மாறியது. கூடமும் அதையொட்டிய பண்டக அறைகளும் 1405க்கும் 1430க்கும் இடையில் வெட்டிய ஓக் மரங்களால் ஆனவை. மறுமுனையில் உள்ள தனியறையும் அதன் மேல்மாடியும் 1505க்கும் 1510க்கும் இடையில் வெட்டிய மரங்களால் ஆனவை. இரண்டுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டுக்குக் குறையாத இடைவெளி. வகைக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் வீட்டின் முகப்பே தலைமுறைகள் தள்ளிப் பிறந்த தச்சர்களின் கையால் உருவானது. மூன்றாவதாக இன்னொரு கையும் இதில் இருக்கிறது. அது இருபதாம் நூற்றாண்டின் கை; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீர்த்தேக்கம் வந்தபோது

கென்ட்டில் சிடிங்ஸ்டோன் ஊரையொட்டிய களிமண் பள்ளத்தாக்கில் இந்த வீடு நின்றது. 1960களின் இறுதியில் அங்கே ஈஸ்ட் சர்ரே நீர் நிறுவனம் பௌ பீச் நீர்த்தேக்கத்தை அமைத்தது. அந்தத் திட்டத்துக்கு வழிவிட வேண்டிய கட்டடங்களில் பேலீஃபும் ஒன்று, விங்க்ஹர்ஸ்ட் என்ற சிறிய கட்டடமும் ஒன்று. இடித்துத் தள்ளியிருந்தால் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் சாலைக்கும் புதுநகருக்கும் இடம்விட்டு மறைந்த மரச்சட்டக வீடுகள் ஏராளம்.

அந்த இழப்புகளை நேரில் கண்டு மனம் பொறுக்காதவர்களில் ஒருவர் வரலாற்றாசிரியர் ராய் ஆர்ம்ஸ்ட்ராங். இருந்த இடத்திலேயே காப்பாற்ற முடியாத வீடுகளையாவது பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் முயன்றார்கள். மேற்கு சசெக்ஸில் சிச்செஸ்டர் நகருக்கு வடக்கே உள்ள சிங்கிள்டன் கிராமத்தில் அதற்கு நிலம் கிடைத்தது. 1970இல் அங்கே திறக்கப்பட்ட வெளியரங்கு அருங்காட்சியகம்தான் இன்றைய வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் லிவிங் மியூசியம். நீர் நிறுவனம் பேலீஃபைத் தானமாகக் கொடுத்தது. வீடு பிரிக்கப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் புதிய இடத்தில் எழுந்தது. களிமண்ணில் பிறந்த வீடு இப்போது சுண்ணப்பாறை மலைச்சரிவில் நிற்கிறது. இடம் மாறிய எந்த வீட்டுக்கும் இந்தக் குறை உண்டு; அதை மறைக்கத் தேவையில்லை.

கல்லால் கட்டிய வீட்டை இப்படிப் பெயர்ப்பது பெரும்பாடு. ஆனால் மரச்சட்டக வீடு முதலிலிருந்தே பிரித்துச் சேர்க்கும்படி பிறக்கிறது. தச்சர் அதைக் கட்டும் இடத்தில் வெட்டவில்லை. தன் பட்டறைக் களத்தில் ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு கூரைச் சட்டத்தையும் தரையில் படுக்கவைத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, குறியிட்டு, மீண்டும் கழற்றி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். 1968இல் பேலீஃபைப் பிரித்தவர்கள் அந்தப் பழைய தச்சர் செய்த காரியத்தைப் பின்னோக்கிச் செய்தார்கள், அவ்வளவுதான்.

குடியானவருக்கு இப்படியொரு வீடா?

இது பிரபுவின் மாளிகை இல்லை, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர்களின் வீடு. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களால் தேர்ந்த தச்சரை அமர்த்தி, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நிற்கக்கூடிய ஓக் வீட்டைக் கட்ட முடிந்தது எப்படி?

1348-49இல் வந்த பெருங்கொள்ளைநோயில் இங்கிலாந்து தன் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட அளவை இழந்தது. நோய் பின்னும் பலமுறை திரும்பி வந்தது. உழ ஆளில்லாமல் நிலம் மிஞ்சியது. வேலைக்கு ஆளில்லாமல் கூலி ஏறியது. பிழைத்தவர்களில் கெட்டிக்காரர்கள் பக்கத்து நிலங்களையும் சேர்த்துக்கொண்டு நடுத்தரப் பண்ணைக்காரர்கள் ஆனார்கள். கென்ட்டில் இந்த வகை வீடுகள் பெருகியது அதற்கு அடுத்த தலைமுறைகளில்தான். பேலீஃபின் வைரம் பாய்ந்த தூண்களுக்குப் பின்னால் அத்தனை சாவும் இருக்கிறது. இந்த வீட்டின் அழகைப் பற்றி எழுதுபவர்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை.

தூண், விட்டம், குத்துக்கால்

கட்டுமானத்துக்கு வருவோம். மரம் பச்சையாக இருக்கும்போதே, வெட்டிய ஓரிரு ஆண்டுகளுக்குள், வேலைக்கு எடுத்தார்கள். காய்ந்த ஓக் இரும்பு போல இறுகிவிடும்; உளி இறங்காது. கோடாலியால் நான்கு பக்கமும் சதுரித்து, வேண்டிய இடத்தில் குழியின் மேல் கிடத்தி இரண்டு பேர் ரம்பத்தால் அறுத்தார்கள்.

தூண் இங்கே தனிச் சிறப்பு. அதன் தலை மற்ற பகுதியைவிட அகன்றிருக்கும். மரத்தைத் தலைகீழாக நிறுத்தி, வேர்ப்பக்கத்தின் இயல்பான பருமனை மேலே வரவைத்துச் செதுக்குவது வழக்கம். ஏன் அந்தப் பருமன் வேண்டும்? வீட்டின் மிகக் கடினமான முடிச்சு அங்கே விழுகிறது. சுவரின் உச்சியில் நீளவாட்டில் ஓடும் சட்டம், வீட்டின் குறுக்கே ஓடும் விட்டம், இரண்டையும் தாங்கும் தூண் ஆகிய மூன்றும் அந்த ஓர் இடத்தில் சந்திக்கின்றன. தூணின் தலையில் முளை போன்ற இரண்டு கழுந்துகள் செதுக்கப்பட்டிருக்கும். ஒன்று சுவர்ச்சட்டத்தின் துளைக்குள் ஏறும், மற்றொன்று விட்டத்தின் துளைக்குள் ஏறும். விட்டமோ தன் அடிப்பகுதியில் புறாவின் வால் போல விரிந்த வெட்டோடு சுவர்ச்சட்டத்தின் மேல் உட்காரும். கூரையின் எடை சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும். அந்த வால் விடாது. ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளாக இந்த வீடுகள் விரியாமல் நிற்பதற்கு இந்த ஒரு பொருத்தே பெருங்காரணம்.

முக்கியப் பொருத்துகளில் இரும்பு இல்லை. கழுந்தைத் துளைக்குள் விட்டு, ஓக் ஆணி அடித்து நிறுத்தினார்கள். கழுந்தில் போட்ட ஆணித்துளையும், அதை வாங்கும் சட்டத்தில் போட்ட துளையும் நேருக்கு நேர் இருக்காது. வேண்டுமென்றே இம்மியளவு விலகியிருக்கும். கூம்பிய மர ஆணி உள்ளே இறங்கும்போது கழுந்தை இழுத்து இறுக்கிவிடும்.

விட்டத்தின் நடுவில் ஒரு குத்துக்கால் எழுகிறது. இதைக் கிரவுன் போஸ்ட் என்கிறார்கள். அது கூரையின் உச்சியைத் தொடுவதில்லை. பாதி உயரத்தில் வீட்டின் நீளவாட்டில் ஓடும் ஒரு நடுவளையைத் தாங்குகிறது. கூரையின் சரிவைத் தாங்கும் ஒவ்வொரு சோடிக் கைமரத்தையும் இணைக்கும் குறுக்குக்கட்டை அந்த நடுவளையின் மேல் படிகிறது. உச்சியில் முகட்டு வளையே கிடையாது. கைமரங்கள் இரண்டு இரண்டாகத் தலைசேர்ந்து ஆணியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. சீட்டுக்கட்டு சாய்வதுபோல அத்தனை கைமரமும் ஒரே பக்கம் சாய்ந்துவிடாமல் இருப்பதற்கு நடுவளையும் குத்துக்காலிலிருந்து நாற்புறமும் கிளைக்கும் வளைந்த தாங்குகட்டைகளும் பொறுப்பு.

வீல்டன் வடிவத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இரு முனைகளிலும் மாடி முன்னே துருத்துகிறது. கூடத்துக்கு மாடி இல்லாததால் அதன் சுவர் பின்னேயே நிற்கிறது. கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாணமோ ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். அப்படியானால் கூடத்தின் முன்னே கைமரங்களின் கால் எதன் மேல் நிற்கும்? சுவரை விட்டு விலகி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அந்தரத்தில் ஓடும் ஒரு சட்டத்தின் மேல். அதைத் தாங்க இரு பக்க மாடிகளின் ஓரத்தூண்களிலிருந்து வில் போன்ற தாங்குகட்டைகள் எழும். தனித்தனிக் கூரைகள் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு கூரை சேரும் பள்ளத்தில் மழைநீர் தங்கி மரத்தைத் தின்னும். ஒரே கூரை என்ற தீர்மானத்திலிருந்து இந்த முகப்பின் அழகு முழுவதும் தானாக விளைந்தது என்பது என் எண்ணம்.

சுவர்ச்சட்டங்களுக்கு இடையிலான கட்டங்களை நிரப்புவது எளிய வேலை. ஓக் குச்சிகளை நிறுத்தி, அவற்றுக்கிடையே ஹேசல் கழிகளையோ பிளந்த ஓக் வரிச்சுகளையோ பின்னி, களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் பிசைந்து இருபுறமும் அப்பி, சுண்ணாம்பு பூசினார்கள். மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசும் பழக்கம் பெரும்பாலும் பிற்காலத்தது. பூசாமல் விட்ட ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளி கலந்த சாம்பல் நிறம் பெறும். பேலீஃப் இன்று அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

கூடத்தில் யார் எங்கே

முன்னும் பின்னும் எதிரெதிரே இரண்டு வாசல்கள். அவற்றுக்கிடையே வீட்டைக் குறுக்கே கடக்கும் நடை. நடையின் ஒரு பக்கம் இரண்டு கதவுகள் இரண்டு சிறிய அறைகளுக்குப் போகின்றன: ஒன்று ரொட்டியும் உணவுப் பொருளும் வைக்க, மற்றொன்று பீர்ப் பீப்பாய்களுக்கு. மறுபக்கம் கூடம். தரையிலிருந்து கூரைவரை திறந்தே கிடக்கும் அந்தக் கூடத்தில் தீ எரிவது தரையில் அமைத்த திறந்த அடுப்புக்களத்தில். புகைபோக்கி இல்லை. புகை கைமரங்களுக்கிடையே மெல்ல ஏறி, கூரையின் இரு முனைகளிலும் உச்சியில் விட்ட சிறு முக்கோணத் திறப்புகள் வழியே வெளியேறும். ஜன்னல்களில் கண்ணாடியும் இல்லை. செங்குத்தாக நிறுத்திய ஓக் கழிகளும், குளிரும் காற்றும் வந்தால் இழுத்து அடைக்கும் பலகைகளும் மட்டுமே.

கூடத்தின் மேல்முனையில் குடும்பத் தலைவரும் மனைவியும் முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து, கதவுகளைப் பார்த்தபடி அமர்வார்கள். பணியாட்கள் கீழ்ப்பாதியில். தச்சர்களும் இந்த ஏற்றத்தாழ்வை மதித்து வேலை செய்தார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு நல்ல முகம் உண்டு. அந்த முகத்திலிருந்துதான் ஆணி அடிப்பார்கள். கூடத்தின் நடுவே பாயும் பெரிய சட்டத்தின் நல்ல முகத்தை மேல்முனையை நோக்கி வைப்பது அக்காலத் தச்சு வழக்கம். ஆணித்தலைகள் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே வீட்டுத் தலைவரின் இருக்கை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். எழுத்தறிவில்லாத வீட்டிலும் படிப்பதற்கு இவ்வளவு இருக்கிறது.

1505-10இல் சேர்ந்த பகுதி அந்த மேல்முனைக்கு அப்பால் இருக்கிறது. கீழே ஒரு தனியறை, மேலே குடும்பத்தார் படுக்கும் மாடியறை, அந்த மாடியறையோடு ஒட்டிய ஒரு சிறு கழிப்பிடம். கூடத்தின் புகையிலிருந்தும் ஆட்களிடமிருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு விலக ஓர் இடம். இதுதான் அந்த இரண்டு காலங்களுக்கிடையிலான மாற்றத்தின் சாரம். ஆனால் அதைக் கட்டிய தச்சர் புதிய வடிவம் எதையும் திணிக்கவில்லை. தமக்கு மிக மூத்தவர்களின் முகப்பு வாய்பாட்டுக்கு அடங்கி நடந்தார். அந்த அடக்கம் எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. ஆய்வாளர்களை ஏமாற்றியதும் அதுவேதான்.

வளையக் கணக்கு எப்படிச் சொல்கிறது

ஓக் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை பெய்த ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒடுக்கமாக. ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையை எழுதியிருக்கும். காலம் தெரிந்த மரங்களிலிருந்து கோத்த நீண்ட வரிசையோடு ஒரு விட்டத்தின் வரிசையை ஒப்பிட்டால், அதன் கடைசி வளையம் எந்த ஆண்டுக்குரியது என்று தெரியும்.

மரப்பட்டை ஒட்டியிருந்த ஓரம் எஞ்சியிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லலாம். பெரும்பாலும் அது இருக்காது. வைரம் என்ற உறுதியான உள்மரத்தைச் சுற்றியுள்ள வெளிமரமான வெளிறு மென்மையானது. பூச்சி தின்றிருக்கும், அல்லது தச்சரே செதுக்கித் தள்ளியிருப்பார். தென் இங்கிலாந்தின் ஓக் மரங்களில் வெளிறு வளையங்கள் பொதுவாக 9 முதல் 41 வரை இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கையாளும் ஒரு கணக்கு. காலம் ஒற்றை ஆண்டாக இல்லாமல் 1405-1430 என்று அகன்ற இடைவெளியாக வருவது இதனால்தான். வெளிறு எவ்வளவு எஞ்சியிருக்கிறதோ அவ்வளவுக்கு இடைவெளி சுருங்கும்.

வளையக் கணக்கு வருவதற்கு முன் காலத்தை ஊகிக்க வடிவம் மட்டுமே துணை. இரு முனையும் துருத்தி நடு உள்வாங்கிய வீடு என்றால் ஒரே வேலை என்று எடுத்துக்கொள்வது இயல்பு. பேலீஃப் அந்தப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. வடிவத்தால் ஒரே வகையில் அடங்கும் மற்ற வீடுகளிலும் எத்தனை முனைகள் பிறகு வந்தவை என்பதை வீடு வீடாகப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அகற்றிய புகைபோக்கி

இப்போது மூன்றாவது கை. பிரிக்கப்பட்டபோது பேலீஃப் நான் மேலே விவரித்த வீடாக இல்லை. இங்கிலாந்தின் ஏறத்தாழ எல்லாத் திறந்த கூடங்களுக்கும் நேர்ந்தது இதற்கும் நேர்ந்திருந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் செங்கல் புகைபோக்கி பண்ணை வீடுகளுக்கும் எட்டியது. புகை அடங்கியதும் கூடத்தின் நடு உயரத்தில் ஒரு தளம் போட்டு மேலே அறைகள் எடுத்துக்கொண்டார்கள். பேலீஃபிலும் அப்படித் தளமும் புகைபோக்கியும் வந்திருந்தன. மீண்டும் நிறுத்தியபோது அருங்காட்சியகம் அவற்றைச் சேர்க்கவில்லை. கூடத்தைத் திறந்துவிட்டது. பிற்பாடு, சுற்றிலும் பழத்தோட்டம், காய்கறிப் பாத்திகள், கவ்ஃபோல்டிலிருந்து கொண்டுவந்த 1536ஆம் ஆண்டுக் களஞ்சியம் எல்லாம் சேர்த்து, நகல் மரச்சாமான்களோடு, ஏறத்தாழ 1540ஆம் ஆண்டுப் பண்ணையாக அதை அமைத்தார்கள்.

இது சரியா? 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இதற்கு நேர் எதிரான கொள்கையில் பிறந்தது: ஒரு கட்டடத்தின் பிற்காலச் சேர்க்கைகளும் அதன் வரலாறே, ஒரு காலத்தை உயர்த்துவதற்காக மற்றவற்றைச் சுரண்டி எறியக் கூடாது. அந்தக் கொள்கையில் எனக்கு நம்பிக்கை உண்டு. புகைபோக்கி கட்டிய குடும்பமும் பேலீஃபின் குடும்பமே. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கே பிள்ளை பெற்று, பால் கறந்து, இறந்தவர்கள் இன்றைய வீட்டில் சுவடே இல்லாமல் போய்விட்டார்கள்.

ஆனாலும் அருங்காட்சியகத்தின் பக்கமே சாய்கிறேன். காரணம் இதுதான். வீடு பிரிக்கப்பட்டுவிட்டது, இருந்த இடத்தில் இருந்தபடியே காப்பது என்ற வாய்ப்பு நீர்த்தேக்கத்தோடு முடிந்துபோனது. தளம் போடாத, புகைபோக்கி எழாத திறந்த கூடத்துக்குள் நின்று பார்க்கும் வாய்ப்பு இங்கிலாந்திலேயே மிக அரிது. மற்ற வீடுகளில் அதை ஊகிக்க வேண்டும். பரணில் டார்ச் அடித்து, கரி படிந்த கைமரங்களைக் கண்டு, 'ஓ, இது ஒருகாலத்தில் திறந்த கூடம்' என்று சொல்ல வேண்டும். பேலீஃபில் அந்தக் கூடத்தின் உயரமும் இருட்டும் கண்முன்னே நிற்கின்றன. வெறும் ஊகத்திலும் அதைத் திருப்பவில்லை. காலியாக நிற்கும் துளை, கழற்றிய சட்டத்தின் கழுந்தை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஜன்னல் கழி நின்ற இடத்தில் சாய்சதுரக் குழி இருக்கும். எங்கே கரி படிந்து, எங்கே படியாமல் இருக்கிறதோ அங்கே பழைய தடுப்பின் எல்லை இருக்கும். மரச்சட்டகம் தான் இழந்ததைத் தன் உடம்பிலேயே குறித்து வைக்கிறது. கல்சுவரில் இந்த வசதி இவ்வளவு இல்லை.

ஒரே வீட்டுக்குள் காட்ட முடியாததை அருங்காட்சியகம் பல வீடுகளைக் கொண்டு காட்டுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹாம்ப்ஷயரின் போர்ஹன்ட்டிலிருந்து வந்த பதினான்காம் நூற்றாண்டுக் கூடம் பேலீஃபுக்கு முந்திய நிலை. வாஷிங்டன் என்ற சசெக்ஸ் கிராமத்திலிருந்து வந்த பாப்லர் காட்டேஜில் புகைக்கென்று வீட்டின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். திறந்த தீக்கும் புகைபோக்கிக்கும் நடுப்படி அது. மிட்ஹர்ஸ்ட் அருகிலிருந்து வந்த 1609ஆம் ஆண்டுப் பென்டீன் பண்ணை வீடு செங்கல் புகைபோக்கியை நடுவில் வைத்தே பிறந்தது. பேலீஃபிலிருந்து கழற்றிய புகைபோக்கியின் கதையைப் பென்டீன் சொல்கிறது. பௌ பீச்சிலிருந்து கூடவே வந்த விங்க்ஹர்ஸ்டுக்கும் ஒரு திருப்பம் நேர்ந்தது. சிறிய வீடு என்று நினைத்து நிறுத்தியதைப் பின்னாளில் ஒரு பெரிய வீட்டின் தனிச் சமையற்கட்டு என்று அறிந்து, இடம் மாற்றி, டியூடர் கால அடுக்களையாக்கினார்கள். முதல் வாசிப்பு தவறு என்று தெரிந்ததும் திருத்திக்கொண்ட அந்த மனப்பாங்கு, பேலீஃபின் கூடத்தைத் திறந்ததைவிடப் பெரிய காரியம் என்பேன்.

ஒரு கவலை மட்டும் மிஞ்சுகிறது. பேலீஃபின் கூடத்தில் இன்றும் தரையில் தீ மூட்டுகிறார்கள். அந்தப் புகை அதே வழியில் ஏறி, அதே திறப்புகளைத் தேடிப் போகிறது. போகும் வழியில், 1405-1430 காலத்து மரங்களின் மேல் புதுக் கரியைப் படியவிடுகிறது. பழைய குடும்பங்களின் தீ விட்ட கரி எது, அருங்காட்சியகத்தின் கரி எது என்று பிரிக்க இனி வரும் ஆய்வாளருக்குத் துணையாக இருக்கப் போவது, வீட்டைப் பிரித்தபோது எடுத்த படங்களும் குறிப்புகளும்தான்.